மரையும் அச்சும்: திருவள்ளூர் எபனைட் பேனாப் பட்டறை நிலைத்ததன் காரணம்

சென்னையின் மேற்குப் புறநகரின் தொழில் வரலாறு பெரும்பாலும் 1961இல் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலை, 1964இல் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டை ஆகியவற்றைக் கொண்டே எழுதப்படுகிறது. பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் குறுக்கிடும் நசரத்பேட்டையைக் கடந்து, திருமழிசை, வெள்ளவேடு, மணவாள நகர் வழியாகத் திருவள்ளூருக்குச் செல்லும் பாதையிலும் கிடங்குகளும் உதிரிபாக ஆலைகளுமே கண்ணில் படுவதால், அதே மாவட்டத்தில் வீட்டுப் பட்டறைகளில் கையால் கடையப்பட்டுவந்த மைப்பேனாக்களுக்கு அவ்வரலாற்றில் இடம் கிடைக்கவில்லை. எம்.எஸ். பாண்டுரங்கன் சுமார் அரை நூற்றாண்டுக்கு முன் திருவள்ளூரில் தொடங்கிய ரங்கா பேனா, பெயர் பெற்ற பெருநிறுவனங்கள் பல மைப்பேனாவைக் கைவிட்ட பிறகும் நிலைத்து, இன்று கடல் கடந்தும் விற்பனையாகிறது. அது நிலைத்ததற்குச் சுதேசிப் பற்றோ பழமை மீதான ஏக்கமோ முதற்காரணம் அன்று, பேனாவைச் செய்யும் முறையே காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

செய்முறையை விளங்கிக்கொள்ள முதலில் மூலப்பொருளை அறிய வேண்டும். ரப்பருடன் மிகுதியான கந்தகத்தைச் சேர்த்து நெடுநேரம் வெப்பத்தில் வைத்தால் அது கொம்பைப் போல இறுகிவிடும்; 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இப்பொருளே எபனைட் எனப்படுகிறது. குழலுக்குள் நேரடியாக மையை ஊற்றிக்கொள்ளும் பேனாவில், எழுதுபவரின் கைச்சூட்டால் உள்ளிருக்கும் காற்று விரிந்து மையைத் தள்ள, பேனா மை கக்கும். எபனைட் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் இக்குறை ஓரளவு மட்டுப்படுகிறது. வெயிலில் கிடந்தால் கறுப்பு மங்கிப் பழுப்பேறுவது இதன் பலவீனம் என்றாலும், லேத்தில் உளிக்கு இணங்குவதில் இதற்கு ஈடான பொருள்கள் குறைவு.

எபனைட் கம்பியைத் தேவையான நீளத்துக்கு அறுத்து, துளையிட்டு, உள்மரையும் வெளிமரையும் போட்டு, பிறகு வெளிவடிவத்தைக் கடைந்தெடுப்பதே பட்டறையின் வேலை. கடையும்போது சுருள் சுருளாக விழும் சீவலில் கந்தக வாடை எழும். மூடியின் மரையை அதற்குரிய குழலின் மரையோடு திருகிப் பார்த்துப் பார்த்தே சரிசெய்வதால், ஒரு பேனாவின் மூடி மற்றொன்றுக்கு அப்படியே பொருந்திவிடும் என்று சொல்ல இயலாது. நிப்புக்கு அடியில் அமர்ந்து மையை முனைவரை கொண்டுவரும் கட்டையும் எபனைட்டே என்றால், அதைக் கொதிநீரில் சற்று இளக்கி நிப்பின் வளைவுக்கு ஏற்ப அழுத்தி விடலாம். இறுதியில் உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். இத்தொடரில் எங்குமே அச்சு இல்லை என்பதே கவனிக்க வேண்டிய செய்தி. உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்க்கும் ஆலைக்கு அச்சு செய்வதே பெருஞ்செலவு. அதை ஈடுகட்ட இலட்சக்கணக்கில் விற்றாக வேண்டும். லேத்தில் அமர்ந்திருப்பவருக்கோ பத்துப் பேனாவும் ஒரு பேனாவும் ஏறக்குறைய ஒரே கணக்கு. மூங்கில் கணுவைப் போன்ற வடிவம் வேண்டுமென்றால் உளியை நகர்த்தும் விதத்தை மாற்றினாலே போதும்.

சுதேசி விளக்கம் வலுவான ஆதாரத்தின் மேல் எழுந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ராஜமகேந்திரவரத்தின் ரத்தினம் பேனாக்காரர்களுக்குக் காந்தி 1935இல் நன்றி தெரிவித்து எழுதிய கடிதம் இந்தியப் பேனா வரலாற்றின் பெருமைக்குரிய ஆவணம். ஆனால் அன்று எழுந்த கேள்வி, பேனாவின் எல்லா உறுப்புகளும் உள்நாட்டில் செய்யப்பட்டவையா என்பதாகும். அந்த அளவுகோலில் மிகக் கடினமான உறுப்பு நிப்பு. இன்று திருவள்ளூர்ப் பேனாக்களில் பல ஜெர்மன் நிப்புகளோடு விற்கப்படுகின்றன, வாங்குவோரும் அதையே கேட்கின்றனர். ஆகவே சுதேசி இத்தொழிலின் தோற்றத்தை விளக்கலாம். அதன் பிற்கால நிலைபேற்றை அதனால் விளக்க முடியாது.

இவ்வாதத்துக்குச் சிறந்த உரைகல் சாத்தூர். காராச்சேவுக்கும் வெள்ளரிக்கும் பெயர்போன அவ்வூரில் பேனா நிப்புத் தொழிலும் ஒருகாலத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது. அதுவும் சிறுதொழில்தான், உழைப்பிலும் கைத்திறனிலும் திருவள்ளூருக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் தகட்டை அச்சில் அழுத்தி வெட்டும் நிப்பு, மலிவாகவும் ஏராளமாகவும் விற்றால்தான் கட்டுப்படியாகும். 1980களில் சென்னையின் ஜி.எம். பென்ஸ் வழியாக ரெனால்ட்ஸ் பந்துமுனைப் பேனா பள்ளிப் பையிலும் சட்டைப் பையிலும் இடம்பிடித்த பின், பெருந்தொகையாக நிப்பு வாங்கிய சந்தை கரைந்தது, அதோடு சாத்தூரும் தளர்ந்தது. ஆகவே தொழில் சிறியதா பெரியதா என்பதைவிட, குறைந்த எண்ணிக்கையிலும் அதன் கணக்கு ஒத்துவருமா என்பதே முடிவான கேள்வியாகிறது.

லேத் வைத்திருந்த கடைசல்காரர்களிலும் பலர் தொழிலை விட்டார்களே என்று கேட்பது நியாயம். குறைந்த எண்ணிக்கையில் செய்ய முடிவது வாய்ப்பு மட்டுமே. அதைப் பயன்படுத்த, ஒற்றைப் பேனாவுக்கு உரிய விலையைக் கொடுக்கும் வாங்குநர் வேண்டும். உள்ளூர்க் கடைகளின் பெயரைப் பொறித்துக் கொடுத்த காலத்தில் அந்த விலை கடைசல்காரரின் கைக்கு வரவில்லை, அவருடைய பெயரும் பேனாவில் ஏறவில்லை. இணையவழி விற்பனை வந்தபின்தான் கலிஃபோர்னியாவின் பெய்டன் ஸ்ட்ரீட் பென்ஸ் போன்ற வணிகர்கள் தமக்கென்று தனி வடிவம் கேட்டுப் பெறும் நிலை பிறந்தது. அச்சு இல்லாத பட்டறையால் அத்தகைய கோரிக்கையை மறுநாளே ஏற்க முடிந்தது.

கடைப்பெயரை வைத்துப் பேனாக்களுக்குக் காலம் கணிக்கும் சேகரிப்பாளர் வழக்கம், இத்தகைய பட்டறைகளின் பங்கை முற்றாக மறைத்துவிடுகிறது. மரையின் நெருக்கம், மூடியின் உட்புறத்தில் உளி விட்ட தடம், கட்டையில் வெட்டிய மைவழியின் ஆழம் ஆகியவற்றை ஒப்பிட்டு ஒரே கையில் பிறந்த பேனாக்களை இனங்காணும் ஆய்வு நடக்க வேண்டும். அதுவும், அடையாளம் சொல்லக்கூடிய முதிய கடைசல்காரர்கள் இருக்கும்போதே நடக்க வேண்டும்.