சுடாத துப்பாக்கி

பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்தபோது 'டெர்மினேட்டர் 2' படத்தை வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். ஜேம்ஸ் காமரான் எடுத்து, 1991 ஜூலையில் அமெரிக்காவில் வெளியான படம். பாதரசம்போல் உருகி ஓடி, மறுகணமே போலீஸ்காரனாக எழுந்து நிற்பானே ஒருவன், அவனைப் பற்றியே ஒரு மாதம் பேசித் தீர்த்தோம். கதையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

சென்ற வாரம் அதை வீட்டில் உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். பாதரசக்காரன் இன்றைக்கும் சாமர்த்தியசாலிதான். ஆனால் என் மனசு வேறோர் இடத்தில் சிக்கிக்கொண்டது.

ராணுவத்தின் பொறுப்பை ஒரு கம்ப்யூட்டரிடம் ஒப்படைக்கிறார்கள். அதற்குச் சுயபுத்தி வந்துவிடுகிறது. பயந்துபோய் நிறுத்தப் பார்க்கிறார்கள். உடனே அது ருஷ்யாமீது அணு ஏவுகணைகளை விடுகிறது. ருஷ்யா திருப்பி அடிக்கும், அந்த அடியில் இங்குள்ள தன் விரோதிகள் ஒழிவார்கள் என்பது அதன் கணக்கு. ருஷ்யர்கள் இப்போது சிநேகிதர்கள் ஆயிற்றே என்று படத்துப் பையன் கேட்கிறான். அதே ஆண்டு டிசம்பரில் ஸோவியத் யூனியனே கலைந்துபோயிற்று!

இந்தக் கற்பனை நிஜத்தில் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. முதல் 'டெர்மினேட்டர்' வெளிவந்தது 1984 அக்டோபரில். அதற்கு ஓராண்டு முன்னால், 1983 செப்டம்பர் 26, நள்ளிரவு கடந்த நேரம். மாஸ்கோவுக்கு அருகே ஒரு ரகசிய ராணுவ நிலையத்தில் ஸ்டனிஸ்லாவ் பெட்ரோவ் என்ற 44 வயது லெப்டினன்ட் கர்னல் காவல் இருந்தார். அமெரிக்காவிலிருந்து ஓர் ஏவுகணை கிளம்பிவிட்டது என்று கம்ப்யூட்டர் அலறியது. பிறகு இன்னும் நான்கு என்றது.

காலமும் நல்ல காலமல்ல. அந்த மாதம் 1ஆம் தேதிதான் ஸோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணி விமானத்தைச் சுட்டு வீழ்த்தி, 269 பேர் மாண்டிருந்தார்கள்.

ஏவுகணையை விடும் அதிகாரம் பெட்ரோவுக்கு இல்லை. மேலிடத்துக்குத் தகவல் சொல்வதுதான் அவர் வேலை. யுத்தம் தொடுக்கிறவன் ஐந்தே ஐந்து ஏவுகணைகளோடு தொடுப்பானா என்று அவர் யோசித்தார். பொய் எச்சரிக்கை என்று தகவல் கொடுத்தார். அவர் சொன்னதே சரியாயிற்று. மேகங்களில் பட்டுத் தெறித்த சூரிய ஒளியைச் செயற்கைக் கோள் ஏவுகணைச் சுடர் என்று எண்ணிவிட்டது.

பரிசு? அன்றிரவுப் பதிவேட்டைச் சரியாக எழுதவில்லை என்று கண்டித்தார்கள். ஆபீஸ் என்றால் எந்த தேசத்திலும் ஆபீஸ்தான்! 1990களில்தான் விஷயம் உலகத்துக்குத் தெரிந்தது. 2017 மே மாதம் அவர் காலமானார்.

படத்தில் ஸாரா என்ற தாய், அந்தக் கம்ப்யூட்டருக்கு வித்திடப்போகும் எஞ்சினீயரைக் கொல்லத் துப்பாக்கியோடு அவன் வீட்டுக்கே போகிறாள். ஓர் உயிரைக் கொடுத்தால் 300 கோடி உயிர்கள் மிஞ்சும். கணக்கில் பிசகே கிடையாது. ஆனால் தகப்பன்மேல் விழுந்து மறைக்கிறது அவன் குழந்தை; அவளால் சுட முடியவில்லை. பிழைத்த அதே எஞ்சினீயர்தான் பிற்பாடு தன் ஆராய்ச்சியைத் தன் கையாலேயே அழிக்கிறான்.

சின்ன வயசில் எனக்கு அந்த இடம் சலிப்பாக இருந்தது. சீக்கிரம் சுட்டுத் தொலைக்கக் கூடாதா என்றிருந்தது. இப்போது யந்திரங்கள் நம்மைவிட வேகமாக முடிவெடுக்கும் என்று பலரும் புகழ்கிறார்கள். வாஸ்தவந்தான். 1983இலும் வேகமாக முடிவெடுத்தது யந்திரந்தான், சந்தேகப்பட்டவர்தான் மனிதர். அன்றிரவு எனக்கு மூன்று வயசு. ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.