தூக்குமரமும் எண்பது நிமிடமும்

முதல் உலகப் போரில் டெக்சாஸின் ஹூஸ்டன், இரண்டாம் உலகப் போரில் கலிபோர்னியாவின் போர்ட் சிகாகோ. இரண்டிலும் அமெரிக்கக் கறுப்பினப் படைவீரர்கள் கலகம் செய்ததாக வெள்ளை அதிகாரிகள் முன் கூட்டாக நிறுத்தப்பட்டார்கள். ஆனால் அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்டவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை.

ஹூஸ்டனில் ரத்தம் சிந்தியது உண்மை. 1917 ஆகஸ்ட் 23 அன்று, கைதான சக சிப்பாயைப் பற்றிக் கேட்கப்போன கார்ப்பரல் சார்லஸ் பால்டிமோரைப் போலீசார் அடித்து இழுத்துச் சென்றார்கள். அவர் கொல்லப்பட்டார் என்று வதந்தி பரவ, அவரது 24ஆம் காலாட்படைப் பிரிவினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் துப்பாக்கியோடு நகருக்குள் கிளம்பினார்கள். போலீசார், பொதுமக்கள், சிப்பாய்கள் எனப் பலர் மாண்டார்கள்.

போர்ட் சிகாகோவிலோ யாரும் கை ஓங்கவில்லை. 1944 ஜூலை 17 இரவு, கப்பலில் ஏற்றிக்கொண்டிருந்த வெடிமருந்து வெடித்து 320 பேர் இறந்தார்கள். அதில் 202 பேர் கறுப்பினத்தவர். வெள்ளை அதிகாரிகளுக்கு விடுப்பு கிடைத்தது. தப்பிப் பிழைத்த கறுப்பின மாலுமிகளை மூன்றே வாரத்தில் மறுபடி குண்டு ஏற்றச் சொன்னார்கள். மறுத்தவர்களில் 50 பேர்மீது கலக வழக்கு பாய்ந்தது.

விசாரணை நடந்த விதத்திலும் வேறுபாடு உண்டு. ஹூஸ்டனின் முதல் வழக்கில் 63 பேருக்கும் சேர்த்து வாதாடியவர் ஒரே ஒரு மேஜர். அவர் வழக்கறிஞர் அல்ல. மேல்முறையீட்டுக்கு வழியே இல்லாமல், டிசம்பர் 11 விடியலில் 13 பேரைத் தூக்கிலிட்டார்கள். ஊருக்குச் செய்தி அதன் பிறகே தெரிந்தது. எழுந்த கண்டனத்தால், இத்தகைய மரண தண்டனைகளை வாஷிங்டன் பரிசீலிக்க வேண்டும் என்ற விதி 1918இல் வந்தது.

போர்ட் சிகாகோ வழக்கில் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். கறுப்பின உரிமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் நேரில் வந்து கவனித்தார். இருந்தும் 80 நிமிட ஆலோசனையில் 50 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. மணிக்கட்டு உடைந்து மாவுக்கட்டுப் போட்டிருந்தவரும் அதில் அடக்கம். 15 ஆண்டு வரை சிறை விதித்தாலும், பெரும்பாலோர் 1946 ஜனவரியில் வெளியே வந்தார்கள். உயிர் தப்பியது பெரிய வித்தியாசம்தான்.

2023இல் ராணுவம் ஹூஸ்டன் வழக்குகளின் 110 தண்டனைகளையும் ரத்து செய்தது. 2024இல் கடற்படை, வேலை மறுத்த 256 பேரைக் குற்றமற்றவர்கள் என்றது. இரண்டு விசாரணைகளும் நியாயமற்றவை என்று அரசே ஒப்புக்கொண்டது. ஹூஸ்டனுக்குப் பின் மேல் பரிசீலனை வந்தது. ஆனால் யார் என்ன செய்தார் என்று ஆளுக்கு ஆள் பிரித்துப் பார்க்கும் கடமையைப் போர்ட் சிகாகோவிலும் தட்டிக்கழித்தார்கள்.