அசலா, போலியா? இரும்புச் சிலுவையைக் கண்டுபிடிப்பது எப்படி?

இரண்டாம் உலகப்போர் 1945ல் முடிந்துவிட்டது. ஆனால் ஜெர்மன் இராணுவப் பதக்கங்களும் சின்னங்களும் அதற்குப் பிறகும் தயாராகிக்கொண்டேதான் இருக்கின்றன! சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுப்பதால் போலிகளுக்குப் பஞ்சமே இல்லை. இவற்றில் மிகவும் பிரபலமானது இரும்புச் சிலுவை.

நெப்போலியனுக்கு எதிரான போரின்போது, 1813ல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் இதை ஏற்படுத்தினார். 1870லும் 1914லும் இது புதுப்பிக்கப்பட்டது. போலந்து மீது படையெடுத்த 1939 செப்டம்பர் 1 அன்று, நடுவில் ஸ்வஸ்திகாவோடு ஹிட்லர் இதற்கு மீண்டும் உயிர் கொடுத்தார்.

காந்தச் சோதனை

போர்க்கால இரும்புச் சிலுவை பொதுவாக மூன்று பாகங்களால் ஆனது. நடுவில் கறுப்பு வண்ணம் பூசிய இரும்புத் தகடு. அதன் இருபுறமும் வெள்ளி நிறச் சட்டம். இந்த இரண்டு சட்டங்களையும் ஓரத்தில் பற்றவைத்திருப்பார்கள். மலிவான போலிகளோ ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. ஓரத்தில் இணைப்புக்கோடு இருக்காது, எண்கள் மழுங்கியிருக்கும், காந்தமும் ஒட்டாது. ஆனால் காந்தத்தை மட்டும் நம்பக்கூடாது. இரும்பல்லாத நடுத்தகடு கொண்ட அசல்களும் உண்டு. இரும்பு வைத்துச் செய்த போலிகளும் உண்டு.

1957ன் குழப்பம்

போருக்குப் பின் நாஜிச் சின்னங்களுக்குத் தடை வந்தது. 1957ல் மேற்கு ஜெர்மனி ஒரு சட்டம் இயற்றி, ஸ்வஸ்திகா இல்லாமல் பழைய பதக்கங்களை அணிய அனுமதித்தது. அதனால் ஸ்வஸ்திகாவுக்குப் பதில் மூன்று ஓக் இலைகளோடு சிலுவைகள் தயாராயின. இவை சட்டப்படி செய்யப்பட்டவை, ஆனால் போர்க்காலத்தவை அல்ல. இவற்றிலும் 1939 என்றே இருப்பதால் புதியவர்கள் ஏமாறுகிறார்கள்.

துணியும் புற ஊதா விளக்கும்

துணிச் சின்னங்களுக்கு வேறு சோதனை. துணியைப் பளிச்சென்று காட்டும் வெண்மையூட்டி ரசாயனங்களும் பாலியெஸ்டர் நூலும் போருக்குப் பிறகுதான் பரவலாயின. வெண்மையூட்டி கலந்த நூல் புற ஊதா விளக்கில் பளபளக்கும். அப்படியென்றால் சந்தேகப்பட வேண்டும். இன்றைய சலவைத்தூளில் துவைத்த அசலும் பளபளக்கலாம் என்பதையும் மறக்கக்கூடாது.

டைரியையும் காட்டிக்கொடுத்த சோதனை

நாஜிப் பொருட்களை விற்றுவந்தவர் கொன்ராட் குஜாவ். சாதாரணப் பொருட்களுக்குக்கூடப் பொய்ச் சான்றிதழ் எழுதி விலையை ஏற்றியவர். கடைசியில் ஹிட்லரின் டைரிகளையே எழுதிவிட்டார்! 'ஷ்டெர்ன்' பத்திரிகை அவற்றுக்காக 90 லட்சம் மார்க்குக்கும் மேல் கொடுத்து 1983ல் வெளியிட்டது. சில நாட்களிலேயே குட்டு உடைந்தது. போருக்குப் பிந்தைய வெண்மையூட்டி காகிதத்திலும், பாலியெஸ்டர் நூல் கட்டுமானத்திலும் இருந்தன. 1985ல் குஜாவுக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

விற்பவர் சொல்லும் கதையை நம்பாமல் பொருளைச் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதுவே நல்ல உதாரணம். 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஒரு ஆட்சியின் தடயங்கள் இவை. அருங்காட்சியகத்தில் ஒரு போலி புகுந்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் உண்மையான சாட்சியத்தையும் மக்கள் சந்தேகிக்கத் தொடங்கிவிடுவார்கள்.