மக்குளோரினுக்கு முன்னே ஒரு மாதவன்

கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை என எங்கள் கரையோர ஊர்களில் உயர்தரக் கணிதம் தமிழிலேயே கற்பிக்கப்படுகிறது. வகையீடு, ஆரையன், சார்பு ஆகிய சொற்கள் மாணவர் நாவில் இயல்பாகப் புழங்குகின்றன. மக்குளோரின் தொடரை அவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்திலேயே சந்திக்கின்றனர். சம்மாந்துறையிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பிரயோக விஞ்ஞான பீடத்தில் அது ஆங்கிலத்தில், ஸ்கொத்லாந்துக்காரர் ஒருவரின் பெயரோடு வந்து சேருகிறது.

கொலின் மக்குளோரின் (1698–1746) தமது நூலை 1742இல் வெளியிட்டார். அத்தொடரை அவர் தமதென்று உரிமை கொண்டாடியவரல்லர். 1715இலேயே டெய்லர் எழுதிவிட்டதை அவரே ஒப்புக்கொண்டார். வழி எளியது. ஒரு சார்பினைப் படிகளின் கூட்டாக எழுதிப் பூச்சியத்தைப் பிரதியிட்டால் முதற் குணகம் கிடைக்கும். மீண்டும் மீண்டும் வகையிட்டுப் பூச்சியத்தைப் பிரதியிட்டால் ஏனையவை ஒவ்வொன்றாக வெளிப்படும். சைனுக்கு இவ்வாறு கிடைப்பவை 0, 1, 0, −1 எனச் சுழலும். ஆகவே ஒற்றைப் படிகளே எஞ்சும்: கோணத்திலிருந்து அதன் முப்படியின் ஆறிலொன்றைக் கழித்து, ஐந்தாம் படியின் 120இலொன்றைக் கூட்ட வேண்டும். 30 பாகைக்குச் செய்து பாருங்கள். 0.5236 − 0.0239 + 0.0003. மூன்றே உறுப்புகளில் அரை வந்துவிடுகிறது.

நியூட்டன் இத்தொடரை எழுதியது 1669இல். அதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேலாக முன்னரே, கேரளத்துச் சங்கமக்கிராமத்து மாதவன் (ஏறத்தாழ 1340–1425) இதனை அறிந்திருந்தார். அவரது கணித நூல்கள் கிடைத்தில. மாணவர் பரம்பரையே அவர் பெயரைச் சொல்லிக் காத்தது. ஏறத்தாழ 1530இல் ஜ்யேஷ்டதேவன் எழுதிய ‘யுக்திபாஷா’ நிறுவலையும் தருகிறது. அதுவும் சமஸ்கிருதத்தில் அன்று, மலையாளத்தில்! அங்கே வகையீடு என்ற பொதுக்கருவி இல்லை. வில்லை எண்ணற்ற நுண்கூறுகளாக்கி, சைன் வேறுபாடுகளின் வேறுபாடு சைனுக்கே விகிதசமமாதலைக் கண்டு, கூட்டுத்தொகைகளை அடுக்கடுக்காக எடுத்துத் திருத்திச் செல்கிறார். எந்தச் சார்புக்கும் பொருந்தும் வழி ஐரோப்பியருடையதே. அதை மறைத்து மாதவனை உயர்த்த வேண்டிய தேவை நமக்கில்லை.

சைன் என்ற சொல்லின் கதையும் சுவையானது. வடமொழி ‘ஜீவா’ அரபியரிடம் ‘ஜீப’ ஆகி, உயிர்க்குறியின்றி எழுதப்பட்டதால் ‘ஜைப்’ என வாசிக்கப்பட்டது. ‘ஜைப்’ என்றால் ஆடையின் மார்புமடிப்பு. 12ஆம் நூற்றாண்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பாளர் அதனை ‘சைனஸ்’ ஆக்கினர். நாம் சில்லறை போடும் ‘ஜேப்பு’ம் அந்த அரபுச் சொல்லின் வழிவந்ததே.

மலபாரில் கும்பினி அதிகாரியாயிருந்த சார்ள்ஸ் விஷ், இத்தொடர்களைக் கேரளச் சுவடிகளிலிருந்து எடுத்து எழுதிய கட்டுரை 1834இல் லண்டனில் அச்சேறியது. அதற்கு முன்பே, 1825இல் சென்னையில் வெளியான ஜோன் வாரனின் ‘காலசங்கலித’ நூலில் வேறொரு கருத்துப் பதிவாகியிருந்தது: இவற்றை இந்நாட்டவர் கண்டிருக்க முடியாது, ஐரோப்பியரிடம் கற்றிருக்க வேண்டும் என்று. விஷ்ஷின் கட்டுரையை நூறாண்டுக் காலம் பெரிதாக எவரும் பொருட்படுத்தவில்லை. 1940களில்தான் சென்னைக் கணிதப் பேராசிரியர் சி. டி. இராஜகோபாலும் அவரைச் சேர்ந்தோரும் நிறுவல்களை இக்காலக் கணித மொழியில் விளக்கி எழுதினர். ‘யுக்திபாஷா’வின் கணிதப் பகுதி விளக்கவுரையோடு திருச்சூரில் அச்சானது 1948இல்.

இப்போது வேறொரு மிகை கிளம்பியிருக்கிறது. யேசு சபையினர் இதனைக் கொச்சியிலிருந்து ஐரோப்பாவுக்குக் கடத்தினர் என்கின்றனர் சிலர். அதற்கு ஓர் ஓலையோ கடிதமோ இதுவரை எவராலும் காட்டப்படவில்லை.