மரம் பெருகியதால் நேர்ந்த இழப்பு: நீலகிரிப் புல்வெளியும் தோடர் மேய்ச்சலும்

காடழிப்பு பழங்குடியினரை எப்படிப் பாதிக்கிறது என்று பேசும் ஆய்வுகள் பெரும்பாலும் மரம் குறைவதையே இழப்பின் அளவாகக் கொள்கின்றன. நீலகிரியின் உயர்மட்டத்தில் அந்த அளவுகோல் உதவாது. அங்கு வாழும் தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேய்ந்த புல்வெளியை விழுங்கியவை அயல்மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்)தான். குறைந்தது ஒரு ஹெக்டேர் பரப்பில் மர விதானம் 10 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால், இனம் எதுவாயினும், இந்திய வன அளவை நிறுவனம் அதை வனப்பரப்பில் சேர்த்துவிடும். ஆகவே மேய்ச்சல் நிலம் தொலைந்த இடம் ஏட்டில் வனம் வளர்ந்த இடமாகிறது. இதற்குத் துணைநின்றது ஒரு பழைய ஆய்வு மரபு: சோலைகள் எனப்படும் மலைக்காட்டுத் திட்டுகளுக்கு இடைப்பட்ட புல்வெளி இயற்கையானதன்று, மேய்ப்பர்கள் தீயிட்டு அழித்த காட்டின் எச்சம் என்பது அதன் முடிவு. அந்த முடிவு சான்றுகளின் முன் நிற்கவில்லை.

தீர்மானமான சான்று நீலகிரிப் பள்ளத்தாக்குகளின் சதுப்புக் கரிமண்ணில் இருக்கிறது. மட்கிய செடிகொடிகள் அடுக்கடுக்காகப் படிந்த மண் அது. ஆழம் கூடக்கூடக் காலமும் பின்னோக்கிச் செல்லும். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை கார்பன்-13 ஐசோடோப்பை மரங்களைவிடக் கூடுதலாகத் தம்முள் சேர்ப்பதால், ஒவ்வோர் அடுக்கிலும் எது மேலோங்கியது என்று கணிக்க முடிகிறது. ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட தொடர் சுமார் 20,000 ஆண்டுகள் பின்செல்கிறது. கடைசிப் பனியுக உச்சத்தின் வறட்சியில் புல் ஓங்கியிருந்தது. ஏறத்தாழ 11,000 ஆண்டுகளுக்கு முன் பருவமழை வலுத்தபோது மரவகைகள் முன்னேறின. பின்னர் வறட்சியோடு புல் மீண்டது. தோடர்கள் மலையேறிய காலத்தை எவ்வளவு பின்தள்ளினாலும் பனியுகத்தை எட்டாது. சதுப்பு தன் கரையோரச் செடிகளைத்தானே பதிவு செய்யும், மலைச்சரிவுக்கு அது எப்படிச் சாட்சியாகும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், ஒவ்வொரு சரிவின் வரலாற்றையும் இத்தொடர் சொல்லிவிடாது, பிற்காலத்தில் சில இடங்களில் தீ புல்லின் எல்லையை விரித்திருக்கவும் கூடும். ஆனால் பழைய முடிவுக்கு வேண்டியது அதைவிடப் பெரிது: மனிதர் வருமுன் புல்வெளியே இல்லை என்பது. அதற்கு இக்கரிமண்ணில் இடமில்லை. காற்றில் கரியமில வாயு குறைந்திருந்ததே பனியுகப் புல்லுக்குச் சாதகமானது என்ற மறுப்பு என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. அப்போதும் காரணம் வளிமண்டலம்தான், மேய்ப்பனின் தீ அன்று.

இதே சான்று இன்றைய நிலைக்கும் பொருந்துகிறது. புல்லுக்கும் மரத்துக்கும் இடையிலான எல்லை காலநிலையோடு நகர்வது என்றால், கரியமில வாயு பெருகுவதும் வெப்பம் ஏறுவதும் மரத்தின் பக்கமே சாய வேண்டும். புல்வெளிக்குள் மரக்கன்றுகளை நுழையவிடாமல் தடுத்துவந்தவை உறைபனியும் தீயும். தீயிடுதலை வனச்சட்டம் தடுத்தது; உறைபனியைப் புவி வெப்பம் தளர்த்துகிறது. தோல் பதனிட உதவும் பட்டைக்கும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கும் வளர்க்கப்பட்ட சீகை, தோட்ட எல்லையைத் தாண்டித் தானாகப் பரவியது. இதேபோல் பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மறைந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டுகின்றன. அங்கும் முதன்மைக் காரணம் மரத்தோட்டங்களும் விவசாயமுமே. இவற்றில் காலநிலையின் பங்கு எவ்வளவு, நடவின் பங்கு எவ்வளவு என்று துல்லியமாகப் பிரிப்பது கடினம். இரண்டும் ஒரே திசையில் தள்ளுகின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை.

2011 கணக்கெடுப்பில் சுமார் 2,000 பேராக இருந்த தோடர்களுக்குப் புல்வெளி வெறும் தீவன நிலமன்று. அவர்களின் கோயில்களில் பல பால்மனைகள்; எருமைப்பால் இல்லாமல் அங்கு சடங்கு இல்லை. அவற்றின் கூரை வேய்வதற்கான புல் சதுப்பில் விளைவது. மேய்ச்சல் சுருங்கினால் மந்தை சுருங்கும், மந்தை சுருங்கினால் பால்மனை அடைபடும். இந்நிலையில் காலநிலை மாற்றத் தணிப்பு என்ற பெயரில் மலைப்புல்வெளியில் மீண்டும் மரம் நடுவது பழைய தவற்றையே நிதியளித்து நீட்டிப்பதாகும். அயல்மரங்களை அகற்ற அரசு முன்வந்திருப்பது நல்லது. ஆனால் மரத்தை வெட்டியதோடு வேலை முடியாது. வெட்டிய இடத்தில் மண்ணில் கிடக்கும் சீகை விதை மறுபடி முளைக்கும். அங்கே மீண்டும் எருமை மேய வேண்டும். 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(1)(ஈ) பிரிவு மேய்ச்சலைச் சமூக உரிமையாக ஏற்கிறது. மீட்கப்படும் ஒவ்வொரு புல்வெளியிலும் அந்த உரிமையைத் தோடர் குடியிருப்புகளான மந்துகளின் பெயரில் எழுதித்தர வேண்டும்.