நட்பைக் கற்பித்த நூலின் நெடும்பயணம்

மனிதர் ஒருவரோடொருவர் பழகும் முறையை நூல் படித்து அறிய முடியுமா என்று வினவுவோர் உண்டு. பழக்கத்தால் வருவதை ஏட்டில் தேடுவானேன் என்பது அவர்கள் வாதம். ஆயினும் நம் முன்னோர் இதனைக் கற்பிக்கத்தக்க கல்வியாகவே கருதினர். திருவள்ளுவர் பொருட்பாலில் நட்பு, நட்பாராய்தல், பழைமை, தீ நட்பு, கூடா நட்பு என ஐந்து அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். வடமொழிப் பஞ்சதந்திரமோ தன் ஐந்து பகுதிகளுள் முதல் இரண்டை இப்பொருளுக்கே ஒதுக்கிற்று. முதற்பகுதி நட்புக் கெடும் வகையைக் கூறுகின்றது. இரண்டாவது நட்புக் கிடைக்கும் வகையைக் கூறுகின்றது. இவ்விரண்டாம் பகுதி உலகம் சுற்றி வந்த வரலாறு, பிறந்த ஊரை விட்டு வேற்று மொழியாரிடையே வாழும் நமக்குத் தனிச்சுவை உடையது.

முதலில் கதையை நினைவுகூர்வோம். வேடன் விரித்த வலையில் புறாக்கூட்டம் சிக்குகின்றது. அரசனாகிய சித்திரகிரீவன் சொற்படி எல்லாப் புறாக்களும் ஒருங்கே சிறகடித்து வலையோடு பறந்து, இரணியகன் என்னும் எலியின் வளையை அடைகின்றன. எலி தன் நண்பனின் கட்டை முதலில் அறுக்க முனைகின்றது. தன் குடிகளின் கட்டை முதலில் அறுக்குமாறு புறாவரசன் வேண்டுகின்றான். இவற்றையெல்லாம் பின்தொடர்ந்து வந்து கண்ட காகம் ஒன்று, அந்த எலியின் நட்பை நாடி வளைவாயிலில் நிற்கின்றது.

எலி உடனே இசையவில்லை. உண்பவனுக்கும் உணவுக்கும் நட்பு ஏது என்று மறுக்கின்றது. வளைக்குள் இருந்தபடியே நெடுநேரம் உரையாடுகின்றது. பின்னரும் காகம் வளைக்குள் நுழைதல் கூடாது என்ற வரையறையோடுதான் உறவு தொடங்குகின்றது. காகம் தனக்குக் கிடைத்த இரையில் ஒரு பங்கைக் கொணர்கின்றது. எலி அரிசி மணிகளைச் சேர்த்து வைத்துத் தருகின்றது. நாளடைவில் அச்சம் நீங்குகின்றது. வள்ளுவர் நட்பாராய்தல் என்று தனி அதிகாரம் வகுத்ததன் பொருத்தம் இங்கே விளங்கும். ஆராய்வது பகைமையன்று, ஆராய்ந்தபின் கதவைத் திறக்க மறுப்பதே குற்றம்.

பிறகு அவ்வூரில் மழை பொய்த்து உணவு அரிதாகின்றது. காகம் ஊர்விட்டுப் புறப்படத் துணிகின்றது. எலியும் உடன்வர விழைய, அதனைச் சுமந்துகொண்டு, தன் பழைய நண்பனாகிய ஆமை வாழும் ஏரிக்குப் பறந்து செல்கின்றது. வேடருக்கு அஞ்சி ஓடிவந்த மானும் அங்கே அவர்களோடு சேர்கின்றது. பஞ்சம் பிழைக்கப் போனவரும் அடைக்கலம் தேடி வந்தவரும் ஒரு நீர்க்கரையில் உறவினராகின்றனர். மான் வலையில் பட்டபோது எலி அறுத்து மீட்கின்றது. ஆமை பிடிபட்டபோது மற்ற மூவரும் சூழ்ச்சியால் மீட்கின்றனர்.

இனி, நூலே ஊர்விட்டுச் சென்ற கதையைப் பார்ப்போம். பாரசீகத்தை 531 முதல் 579 வரை ஆண்ட குஸ்ரு அனுஷிர்வானின் அவையில் புர்ஸோய் என்னும் மருத்துவர் இருந்தார். இறந்தாரை எழுப்பும் மூலிகையைத் தேடி அவர் இந்தியாவுக்கு வந்ததாகவும், அம்மூலிகை ஒரு நூலே என்று அறிந்ததாகவும் பிர்தௌசியின் ஷாநாமா கூறும். அவர் பாலவி மொழியில் ஆக்கிய பெயர்ப்பு மறைந்துவிட்டது. ஆனால் அதனை அடியொற்றி 8ஆம் நூற்றாண்டின் நடுவில் இப்னுல் முகஃப்பா அரபு மொழியில் எழுதிய கலீலா வ திம்னா நிலைத்தது. 10ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரத்து அறிஞர் குழுவொன்று தூய உள்ளத்துச் சகோதரர் என்று பெயர் பூண்டு, ஐம்பதுக்கு மேற்பட்ட அறிவுநூல் மடல்களை இயற்றிற்று. அப்பெயரை இந்தப் புறாக்கதையிலிருந்தே அவர்கள் எடுத்துக்கொண்டனர் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நட்பைப் பற்றிப் படித்தவர்கள் நட்பால் ஒரு கூட்டமாயினர் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

அரபு மொழியிலிருந்து எபிரேயத்துக்கும், எபிரேயத்திலிருந்து இலத்தீனுக்கும் நூல் சென்றது. 1251இல் ஸ்பெயினின் காஸ்தீலிய மொழியில் வந்தது. இத்தாலிய வழியே 1570இல் தாமஸ் நார்த் அதனை ஆங்கிலமாக்கினார். பாரசீக வழியாக அது பிறந்த நாட்டுக்கே மீண்டும் வந்தது. அக்பர் விருப்பப்படி அபுல் பசல் 1588இல் எளிய பாரசீக நடையில் அதனை எழுதினார். நாராயணர் வடமொழியில் இயற்றிய இதோபதேசமோ, பஞ்சதந்திரத்தின் வரிசையை மாற்றி, நட்புக் கிடைக்கும் பகுதியையே முதலில் வைத்தது. அதனைச் சார்லஸ் வில்கின்ஸ் 1787இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். தமிழுக்கு வந்த வழியும் கருதத்தக்கது. 1826இல் அச்சேறிய தாண்டவராய முதலியாரின் உரைநடைப் பஞ்சதந்திரம், மராத்தியிலிருந்து பெயர்க்கப்பட்டது. தென்னாட்டு மகிளாரோப்பிய நகரத்து அரசகுமாரர்களுக்குச் சொல்லப்பட்டதாகத் தொடங்கும் கதை, அண்டை மொழியின் கைப்பிடித்து நம் வீட்டினுள் நுழைந்தது.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வரலாற்றில் ஒன்று புலப்படுகின்றது. இந்நூலைப் பெயர்த்த ஒவ்வொருவரும் தமக்கு அயலான ஒரு மொழியின் வாயிலில், காகம் நின்றதைப் போலவே காத்து நின்றவர். சொல்லுக்குச் சொல் கொடுத்து வாங்கிப் பழகியபின்னரே உள்ளே செல்ல உரிமை பெற்றவர். நூல் தரும் கல்வியும் இத்தகையதே. நட்பை அது கையில் எடுத்துத் தராது. ஆனால் எதனைப் பார்த்து ஒருவரை நம்பலாம் என்று காட்டும். காகம் எலியின் பேச்சைக் கேட்டு மயங்கவில்லை. துன்பத்தில் அது செய்த செயலைக் கண்டது.

தில்லியிலோ பம்பாயிலோ கல்கத்தாவிலோ நம் அடுத்த வீட்டில் வாழ்பவர் மராத்தியராகவோ வங்காளியராகவோ இந்தி பேசுபவராகவோ இருக்கலாம். அவர் வீட்டுக் குழந்தையும் வலையோடு பறந்த புறாக்களை அறிந்திருக்கக் கூடும். நம் பிள்ளைகளுக்கு இக்கதையைத் தமிழில் சொன்னபின், அடுத்த வீட்டாரிடம் அவர்கள் மொழியில் அதனை ஒருமுறை சொல்லக் கேட்போமாக. ஒரு பிடி அரிசியும் ஒரு கதையும் கைமாறுமிடத்தில் அயலூர் என்ற எண்ணம் தானே தேய்ந்துவிடும்.