முதிர்ந்த எண்ணெய்க் கிணறுகள்: அடியில் தங்கும் கச்சா எண்ணெய் மேலே வருவது எப்படி?

நாட்டின் கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதியால் நிறைவு செய்யப்படுகிறது. உள்நாட்டில் கிடைப்பதிலும் பெரும்பகுதி, பல பத்தாண்டுகளாக எண்ணெய் தந்து அழுத்தம் குறைந்துபோன வயல்களிலிருந்தே வருகிறது. புதிய எண்ணெய் வளக் கண்டுபிடிப்புகள் தலைப்புச் செய்தியாகின்றன. ஆயினும் அன்றாட உற்பத்தி பெரிதும் நம்பியிருப்பது, பழைய கிணறுகளிலிருந்து எண்ணெயை மேலேற்றும் முறைகளையே.

மும்பைக் கடற்கரைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில் உள்ள 'மும்பை ஹை' வயல் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1974இல் கண்டறியப்பட்டு 1976இல் உற்பத்தியைத் தொடங்கிய இவ்வயலுக்கு, 2025 ஜனவரியில் பிரிட்டனைச் சேர்ந்த பிபி நிறுவனத்தைத் தொழில்நுட்பச் சேவையாளராக ஓஎன்ஜிசி தேர்ந்தெடுத்தது. பத்தாண்டு ஒப்பந்தக் காலத்தில் எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 60 விழுக்காடு வரை உயர்த்த இயலும் என அந்நிறுவனம் தெரிவித்திருப்பதாகவும் அறிவிக்கப்பட்டது.

புதிதாகத் தோண்டிய கிணற்றில் பாறை அடுக்கின் அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளிவிடும். ஆனால் 2,000 மீட்டர் ஆழக் குழாயில் நிற்கும் நீர், அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் தரும். எண்ணெய் எடுக்க எடுக்கப் பாறையின் அழுத்தம் தணிகிறது. கூடவே நீரின் பங்கு கூடுவதால் குழாயில் நிற்கும் திரவத்தின் எடையும் ஏறுகிறது. இரண்டும் சமமாகும் நாளில் ஓட்டம் நின்றுவிடுகிறது. கிணறு வற்றிவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. எண்ணெய் இருக்கிறது, ஏறி வர வலுவில்லை, அவ்வளவே.

மேலிருந்து உறிஞ்சி எடுக்கவும் வழியில்லை. உறிஞ்சும் பம்பு எவ்வளவு வலிமையானதாக இருந்தாலும், வளிமண்டல அழுத்தத்தின் துணையால் நீரை ஏறத்தாழ 10 மீட்டர் வரைதான் உயர்த்த முடியும். எனவே தள்ளுவிசையைக் கிணற்றின் அடிக்கே கொண்டுசெல்ல வேண்டியுள்ளது.

இதில் மிகப் பழையதும் பரவலானதும் தண்டுப் பம்பு. குஜராத்தின் மெஹ்சானா வயல்களில் தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருக்கும் எந்திரங்கள் இவ்வகையே. தோற்றத்தில் நம் வயல்வெளி ஏற்றத்தை நினைவூட்டுபவை. மேலே உத்திரம் ஆடும்போது, நூற்றுக்கணக்கான மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டுத் தொடர் அடியிலுள்ள உந்துதண்டை ஏற்றி இறக்குகிறது. ஒரு வால்வு எண்ணெயை உள்ளே விட, மற்றொன்று அதைக் கீழே நழுவவிடாமல் தாங்கி மேலே அனுப்புகிறது.

பெரிய பம்பைப் பொருத்தி வேகமாக ஓட்டினால் கூடுதல் எண்ணெய் வரும் என்று தோன்றலாம். வருவதில்லை. ஊற்று சுரப்பதைவிட வேகமாக இறைத்தால் கிணற்று மோட்டார் காற்றை இழுப்பதை உழவர்கள் அறிவர். இங்கும் அதே கதைதான், விளைவு மட்டும் கடுமையானது. பாதி நிரம்பிய பம்பில் இறங்கும் உந்துதண்டு திரவப் பரப்பில் சம்மட்டிபோல் மோதுகிறது. ஒவ்வொரு மோதலும் தண்டுத் தொடரை அதிர வைத்து, இறுதியில் முறித்துவிடுகிறது. முறிந்த தண்டை வெளியே எடுக்கத் தனிப் பராமரிப்பு ரிக் வர வேண்டும். அதுவரை உற்பத்தி இல்லை.

ஆகவே சீரமைப்பு பெரும்பாலும் அளவீட்டிலிருந்தே தொடங்குகிறது. தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் மீதுள்ள சுமையைப் பதிவுசெய்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். பம்பு முழுதும் நிரம்புகிறதா, வாயு புகுந்துள்ளதா, வால்வு கசிகிறதா என்பதை அந்தக் கோட்டின் வடிவமே காட்டிக்கொடுக்கும். அதற்கேற்ப மோட்டாரின் வேகத்தைத் தானே குறைத்துக் கூட்டும் மின்னணுக் கட்டுப்பாடுகள் மின்செலவையும் முறிவுகளையும் ஒருசேரக் குறைக்கின்றன.

இடமோ குறைவு, எரிவாயுவோ கையருகில் உண்டு என்ற நிலையிலுள்ள கடல் மேடைகளுக்கு வாயு ஏற்றமே ஏற்றது. மும்பை ஹை கிணறுகளில் இம்முறை பெருமளவில் பயன்படுகிறது. உயர் அழுத்த எரிவாயுவை வெளிக்குழாய் வழியே செலுத்தி, வால்வுகள் மூலம் உட்குழாய்த் திரவத்தில் கலந்தால் அதன் எடை குறைந்து பாறையின் எஞ்சிய அழுத்தமே அதை மேலேற்றிவிடும். இங்கும் அளவு மிஞ்சினால் கேடுதான்: வாயு அதிகமானால் குழாயின் உராய்வு பெருகி எண்ணெய் குறைகிறது. கிடைக்கும் வாயுவை எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு பகிர்வது என்ற கணக்கைச் சரிசெய்வதாலேயே, புதிதாக ஒரு கிணறும் தோண்டாமல் உற்பத்தியைக் கூட்ட முடிகிறது.

நாளொன்றுக்குப் பெருமளவு திரவம் ஏற்ற வேண்டிய இடங்களில் நீர்மூழ்கி மின்பம்பு இறக்கப்படுகிறது. அன்றைய ரஷ்யப் பேரரசில் பிறந்த பொறியாளர் அர்மைஸ் அருட்டுனோவின் படைப்பு இது. 1920களில் அமெரிக்க எண்ணெய் வயல்களில் இடம்பிடித்தது. குழாயினுள் அடங்கும் ஒடுங்கிய மோட்டாரும் அடுக்கடுக்கான சுழல்தகடுகளும் கொண்டது. வெப்பம், மணல், வாயு ஆகிய மூன்றும் அதன் எதிரிகள்.

ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் 2004இல் கண்டறியப்பட்ட மங்களா வயலின் சிக்கல் வேறு. அங்குள்ள எண்ணெயில் மெழுகு மிகுதி. சாதாரண வெப்பநிலையிலேயே உறைந்துவிடும். அதனால் கிணற்றிலும் வெப்பம் காக்கப்பட வேண்டும். குஜராத் கடற்கரைக்குச் செல்லும் குழாய்த்தடமும் வழிநெடுகச் சூடேற்றப்பட்டுள்ளது. சூடான நீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சி எண்ணெயை உடன் இழுத்துவரும் தாரைப் பம்பு அங்கே கைகொடுக்கிறது. அசையும் பாகம் ஏதும் அடியில் இல்லை என்பது அதன் பெரும் நன்மை.

மெஹ்சானாவின் பலோல், சந்தால் வயல்களில் எண்ணெய் மிகவும் கெட்டியானது. எந்தப் பம்பும் தனித்து உதவாத நிலையில், பாறைக்குள் காற்றைச் செலுத்தி எண்ணெயின் ஒரு பகுதியை அங்கேயே எரித்து, அவ்வெப்பத்தால் எஞ்சியதை இளக்கி ஓடவைக்கும் முறையை 1990களில் ஓஎன்ஜிசி வணிக அளவில் செயல்படுத்தியது.

பழைய கிணறுகளில் எண்ணெயைவிட நீரே மிகுதியாக ஏறி வருவது வழக்கம். அந்நீரையும் மின்சாரம் செலவிட்டே ஏற்றி, பிரித்து, மீண்டும் மண்ணடியில் செலுத்த வேண்டும். ஒரு பீப்பாய்க்கு ஆகும் இந்த மொத்தச் செலவு விற்பனை விலையைத் தொடும்போது கிணறு மூடப்படுகிறது.